நாகையில் ஒரு விலை, காரைக்காலில் ஒரு விலை: பெட்ரோல் விலை எப்படி வருகிறது?

நாகூர் தாண்டி வாஞ்சூர் செக்போஸ்ட்டைக் கடந்துவிட்டால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. காரைக்கால் பக்கம் போகிற நாகை, திருவாரூர் வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது பழைய வழக்கம். "அங்கே கலப்படம், அதான் மலிவு" என்று சிலர் சொல்வார்கள். "நம்ம ஊர் பங்க்காரர் ஏற்றி விற்கிறார்" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. இரண்டு பக்கமும் விற்பது அதே எண்ணெய் நிறுவனங்கள்தான். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, அங்கே வாட் என்ற விற்பனை வரி குறைவு. விலை மாறுவதற்கு முக்கியக் காரணம் அந்த வரிதான்.

பங்க் உரிமையாளருக்கு விலை வைக்கும் அதிகாரமே கிடையாது. அவருக்குக் கிடைப்பது பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 4 ரூபாய் கமிஷன். ஆள் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலையை நிறுவனம் நிர்ணயிக்கிறது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறலாம் என்பதுதான் ஏற்பாடு.

அந்த விலைக்குள் இருக்கும் வரியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் உயர்த்தியபோது பெட்ரோலுக்கான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு ரூ.21.90 ஆனது. தமிழ்நாட்டின் வாட் 2021 ஆகஸ்ட்டில் 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு ரூ.11.52-ம் என்று வைக்கப்பட்டது. சதவீதம் போடும்போது கலால் வரியும் சேர்த்தே கணக்கிடப்படும், அதாவது வரிக்கும் வரி. 21.90-க்கு 13 சதவீதம் என்றால் ரூ.2.85. மூன்றையும் கூட்டினால் ரூ.36.27. இந்தக் கணக்கில், நிறுவனம் பெட்ரோலைச் சும்மா கொடுத்தாலும் நாகை பங்க்கில் லிட்டருக்கு 36 ரூபாய்க்கு மேல் வரி மட்டுமே நிற்கும். டீசலுக்கும் இதே அமைப்புதான்: 11 சதவீதமும் லிட்டருக்கு ரூ.9.62-ம் என்று 2020 மே மாதம் மாநில அரசு மாற்றியது. அறுவடை மெஷினின் மணி வாடகையில் இந்த வரியும் உட்கார்ந்திருக்கிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்துவிட்டது, இங்கே மட்டும் ஏன் இறங்கவில்லை?" என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிற்கும் வரி, கச்சா எண்ணெய் இறங்குவதால் இறங்காது. போதாததற்கு, உலகச் சந்தை சரியும்போது அரசுகள் வரியை ஏற்றிவிடுகின்றன. 2020 மார்ச், மே மாதங்களில் மத்திய அரசு பெட்ரோலுக்கு மொத்தம் 13 ரூபாய் கூட்டியது. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டியபோது பங்க் விலை ஏறவில்லை, ஆனால் இறங்கியிருக்க வேண்டிய விலையும் இறங்கவில்லை. இதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று: நிறுவனங்கள் கணக்கில் எடுப்பது கச்சா எண்ணெய் விலையை அல்ல, சுத்திகரித்த பெட்ரோலின் சர்வதேச விலையை. டாலர் மதிப்பும் அதில் சேரும்.

டெல்டாவில் அடிக்கடி கேட்கிற இன்னொரு வாதம், "நரிமணத்தில் நம்ம மண்ணுக்கடியில் எண்ணெய் எடுக்கிறார்கள், நமக்கு மலிவாகத் தர வேண்டாமா?" என்பது. வயலும் நிலத்தடி நீரும் என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிற ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை முறையில் அதற்கு இடமில்லை. உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெயும் சர்வதேச விலையை ஒட்டியே விற்கப்படுகிறது. நிலப்பகுதியில் எடுப்பதற்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. எடுத்த ஊருக்கென்று தனி விலை கிடையாது. அதோடு, நாட்டின் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான்.

சரி, வரி முழுக்க மத்திய அரசுக்கா, மாநில அரசுக்கா? வாட் முழுவதும் மாநிலத்துக்கு. 2025 ஏப்ரல் கணக்கின்படி கலால் வரியான ரூ.21.90-இல் மாநிலங்களோடு பங்கிடப்படுவது ரூ.1.40 அடிப்படைத் தீர்வை மட்டுமே. மீதி செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கிவிடும். பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர டெல்லி மட்டும் நினைத்தால் போதாது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், மத்திய அரசுக்கு இருப்பது மூன்றில் ஒரு பங்கு. 2021 செப்டம்பரில் லக்னோவில் பேசப்பட்டு, இப்போது வேண்டாம் என்று முடிந்தது.

உங்கள் பங்க்கின் அன்றைய விலையில் சந்தேகம் வந்தால் கேட்டுப் பாருங்கள். விலையைப் பலகையில் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. இந்தியன் ஆயில் பங்க் என்றால் ஆர்எஸ்பி என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அங்கே எழுதியிருக்கும் டீலர் எண்ணைச் சேர்த்து 92249 92249-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விலை வரும். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.