ஒரே கோட்டை, இரண்டு தேதிகள்: ஆட்டிச மனம் வரலாற்றைக் கட்டும் விதம்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. எந்த நாளில்? ஒரு புத்தகத்தில் செப்டம்பர் 10 என்றிருக்கும், இன்னொன்றில் செப்டம்பர் 21 என்றிருக்கும். பலர் இதை அச்சுப்பிழை என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். வரலாற்றில் ஊறிய ஓர் ஆட்டிச நிலையாளருக்கோ அந்தப் பதினொரு நாள் காலில் தைத்த முள். அதை எடுக்காமல் அடுத்த அடி வைக்க வராது.

முள் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பிரான்ஸ் 1582-லேயே கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அந்த ஆண்டு ஆங்கிலேயர்களுக்குச் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ஆகவே 1746-ல் புதுச்சேரியில் 21 என்று எழுதிய அதே நாளைச் சென்னையில் 10 என்று எழுதினார்கள். இரண்டு தேதியும் சரி. இப்படியொரு விடை கிடைத்ததும் ஆட்டிசச் சிறுவர் ஒருவரின் முகம் மலர்வதைப் பார்த்தவர்களுக்கு, இதை வெறும் மனப்பாடம் என்று சொல்ல மனம் வராது.

அப்படியானால் உள்ளே என்ன நடக்கிறது?

ஆட்டிசத்தில் ஆர்வம் ஏன் இவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்குத் தரப்படும் விளக்கங்களில் மோனோட்ரோபிசம் நன்றாகப் பொருந்துகிறது. டைனா முர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகிய மூவர் 2005-ல் இதை விரிவாக எழுதினார்கள். லாசன் தாமே ஆட்டிச நிலையாளர். கருத்து எளிது. கவனம் என்பது கிணற்றுத் தண்ணீர் போல அளவுள்ளது. அதைப் பத்து வாய்க்காலில் மெல்லிசாகவும் விடலாம், ஒன்றிரண்டில் கரை தொட்டும் ஓடவிடலாம். ஆட்டிச மனம் பெரும்பாலும் இரண்டாவது வகை. தண்ணீர் பாயும் வாய்க்காலில் பயிர் செழிக்கும். அந்நேரம் மற்ற வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்: கூப்பிடுகிற அம்மாவின் குரல், பசி, நாளைய வீட்டுப்பாடம் எல்லாம் அங்கே. மடை மாற்றுவது மற்றவர்களுக்கு ஒரு நொடி வேலை. இவர்களுக்கு அது மண்வெட்டி எடுத்து வெட்டி அணைக்கிற வேலை.

இதோடு நுணுக்கத்தை முதலில் பார்க்கும் இயல்பும் சேர்கிறது. ஒரு பெரிய படத்துக்குள் மறைந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையில் ஆட்டிசக் குழந்தைகள் சிறந்து நின்றதை அமித்தா ஷாவும் உட்டா ஃப்ரித்தும் 1983-லேயே காட்டினார்கள். இவர்களுக்கு முழுமை தெரியாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். முழுமையும் தெரியும், ஆனால் செங்கல் செங்கலாக அடுக்கித்தான் அங்கே போகிறார்கள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் பார்வை. ஆண்டுகளும் பெயர்களும் அந்தச் செங்கற்கள். "ஏன் இத்தனை தேதி? சாராம்சத்தைச் சொல்" என்று கேட்பது, சுவர் எழும்பும் முன் கூரையைக் கேட்பதுபோல.

மூளையிலும் இதன் தடம் தெரிகிறது. 2005-ல் ஓர் ஆட்டிசச் சிறுவனுக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். முகங்களைப் பார்க்கும்போது வழக்கமாகத் துடிப்பாக வேலை செய்யும் பகுதி, அவனிடம் மனித முகங்களுக்கு அப்படி வேலை செய்யவில்லை. அவனுக்கு உயிரான டிஜிமான் கார்ட்டூன் பாத்திரங்களுக்குச் செய்தது. ஒருவனை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனால் யோசிக்க வைப்பது. 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வில், தங்கள் ஆர்வத்துக்குரிய படங்களைப் பார்த்தபோது ஆட்டிசக் குழந்தைகளின் மூளையில் இன்சுலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. உடலுக்குள் எழும் உணர்வையும் மனத்தின் உணர்ச்சியையும் சேர்த்துவைக்கும் இடங்களில் ஒன்று அது. இந்த ஆர்வம் அறிவுக்கு மட்டும் தீனி போடுவதில்லை, அவர்களின் உணர்ச்சியோடும் ஒட்டியிருக்கிறது.

வரலாறு இந்த மனத்துக்கு வாகாக அமைவதற்குத் தனிக் காரணமும் உண்டு என்று தோன்றுகிறது. அது மனிதர்களைப் பற்றிய படிப்பு, ஆனால் அந்த மனிதர்கள் பதிலுக்குக் காத்து நிற்பதில்லை. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அரை நொடியில் காரணம் ஊகிக்க வேண்டும். ஆனால் சோழ அரசர் கண்டராதித்தரின் மகன் இருக்க, அரசுரிமை ஏன் தம்பி அரிஞ்சயர் வழிக்குப் போனது, அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்குப் பிறகு ஏன் அது கண்டராதித்தரின் மகன் உத்தம சோழரிடமே திரும்பியது என்று ஆறு மாதம் நிதானமாக யோசிக்கலாம். மனிதர்களின் ஆசை, பகை, கணக்கு எல்லாம் அங்கே உண்டு, அவசரம் மட்டும் இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்த ஆர்வம் முதலில் தடுக்கிவிழும் இடம், முரண்படும் சான்று. முதலாம் ராஜேந்திரன் பட்டம் பெற்றது 1012 என்று ஒரு நூல், 1014 என்று மற்றொன்று. 1012-ல் தந்தை ராஜராஜனோடு சேர்ந்து ஆளத் தொடங்கினான், 1014-ல் தனியாட்சி. இதைச் சொல்லாமல் "ஏதோ ஒன்றை எழுது" என்றால் அந்தப் பிள்ளை உடைந்து அழலாம், புத்தகத்தை வீசலாம். பிடிவாதம் என்று அதைக் கண்டிப்பது தவறு. ஊன்றி நின்ற செங்கல் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பயன்படும் முறை ஒன்று: நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் தேதி. அடுத்ததில் அதை யார், எதில் சொல்கிறார்கள். கடைசியில் எந்த நாட்காட்டி, எங்கிருந்து எண்ணியது. முரண் வரும்போதெல்லாம் மூன்றாம் பத்தியைப் பார்க்கப் பழகினால், முள் விளையாட்டுப் பொருளாகிவிடும்.

ஆட்சியாண்டுக் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குரிய செப்புக் குடத்தை ராஜராஜன் தந்தது, அவனது 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாளில் என்று கல்வெட்டு சொல்கிறது. அவன் பட்டமேறியது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 985-ஐ ஒன்றாம் ஆண்டாக வைத்தால், 25-ஆம் ஆண்டு தொடங்குவது 1009-ன் நடுவில், 24-ஐத்தான் கூட்ட வேண்டும். அங்கிருந்து 275 நாள் எண்ணினால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் வந்து நிற்கும். பலர் 985-உடன் 25-ஐக் கூட்டி 1010 என்பார்கள். விடை பொருந்திவிடுவதால் பிழை தெரியாது. அதுவே 40-ஆம் நாள் என்றிருந்தால் ஆண்டு 1009, கூட்டல் காலை வாரிவிட்டிருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியிலும் பொறி உண்டு: பிரபவ என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ?

அடுத்தது உடல். ஆட்டிசத்தில் பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுணர்வுகள் பலருக்குத் தாமதமாகவே தெரியவரும். ஆர்வத்தில் மூழ்கினால் இன்னும் தாமதம். மாலை ஏழு மணிக்கு வரும் காரணமில்லாத எரிச்சலுக்கு, மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காதது காரணமாக இருக்கலாம். சமையலறையில் உள்ள தண்ணீர் உதவாது, கை எட்டும் தூரத்தில், புத்தகத்துக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஒரு கையால் எடுத்துத் தின்னும் பண்டம் வையுங்கள்.

நிறுத்தச் சொல்லும்போது "இன்னும் பத்து நிமிடம்" என்பது வேலைக்கு ஆகாது. மூழ்கியிருப்பவருக்கு நிமிடம் தெரியாது, பக்கம் தெரியும். "இந்தக் கல்வெட்டு முடிந்ததும்" என்று விஷயத்திலேயே எல்லை சொல்லுங்கள். எழுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதிச் செருகட்டும். விட்ட இடம் காணாமல் போய்விடும் என்ற பயம்தான் பல சண்டைகளுக்கு வேர்.

பள்ளித் தேர்வில் நடப்பது தெரிந்ததே: பிடித்த கேள்விக்கு நான்கு பக்கம், மற்றவை வெற்று. மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால் 180 நிமிடம். சரிபார்க்கப் பதினைந்தைக் கழித்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், ஐந்து மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய எட்டு. பயிற்சியின்போது பென்சிலால் ஒரு கோடு போட்டு, விடை அதைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். தாண்டிப் போகிற எல்லாவற்றுக்கும் வீட்டில் தனி நோட்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கோடு தண்டனையாகிவிடும்.

தண்டனை பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்தால் வரலாற்றுப் புத்தகங்களைப் பூட்டி வைப்பது, நல்லபடி நடந்தால் திருப்பித் தருவது என்ற பழக்கம் வீடுகளிலும் சிகிச்சை மையங்களிலும் உண்டு. இதைக் கைவிட வேண்டும். இரைச்சலான பள்ளி நாளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை மனத்தை ஆற்றிக்கொள்ளும் வழியே அதுதான். 2018-ல் 443 ஆட்டிசப் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்கு இப்படியோர் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள், அவர்களின் மனநலமும் வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாகவே இருந்தன. ஆர்வத்தின் தீவிரம் அளவுகடந்து போனபோது மட்டும் நலம் குறைந்தது. கவனிக்க வேண்டியது மணிக்கணக்கை விட முகத்தை: படித்து எழும்போது தெளிச்சியா, களைப்பா? விடமுடியாமல் அச்சத்தோடு திரும்பத் திரும்பச் சரிபார்த்தால் அது வேறு சிக்கல், மருத்துவரிடம் பேச வேண்டியது. படுகொலைகளைப் பற்றிப் படிக்கும் பிள்ளை எண்ணிக்கையை உணர்ச்சியின்றி ஒப்பிப்பதுபோலத் தெரியும். கல்நெஞ்சம் என்று முடிவுகட்டாதீர்கள். வருத்தம் இரண்டு நாள் கழித்துத் தூக்கமின்மையாக வரலாம்.

இந்தக் கண்ணுக்கும் பொறுமைக்கும் தொழிலில் இடம் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். கல்வெட்டு எழுத்தைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படி வேலையைப் பாருங்கள். கல்லைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைந்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, சற்று உலர்ந்ததும் மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமானால் மை பரவும், குறைந்தால் தாள் கல்லை விட்டு எழும்பும். சரியாக வந்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. பிறகு படிக்க வேண்டும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எ-ஏ, ஒ-ஓ வரிசைகளில் குறில் நெடில் பிரிவும் இல்லை. "கொல" என்று தெரிவது கொல, கொல், கோல, கோல் எதுவாகவும் இருக்கலாம். எது என்று முடிவுசெய்ய, அதே காலத்து எழுத்தையும் சொல்லையும் நூறு கல்லில் பார்த்து நினைவில் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.