டேப்பட் சத்தம் நின்றுவிட்டதா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும்

சென்ற வாரம் கழற்றிய ஒரு சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் வைத்து, விளிம்பு கருகி அரித்துப்போயிருந்த எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வை அதன் உரிமையாளருக்குக் காட்டினேன். உணவு விநியோகம் செய்யும் தம்பி அவர். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டிவரும் பழைய வண்டி. "ஆனால் அண்ணே, வண்டியில் ஒரு சத்தம்கூட இல்லையே" என்றார். நண்பர் ஒருவர் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் வைத்து, சத்தம் அடங்கும்வரை டேப்பட்டை (வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அமைக்கும் திருகை) இறுக்கிக் கொடுத்தாராம். இந்த ஆண்டில் இதே கதையை நான் கேட்பது மூன்றாவது முறை.

சத்தம் வந்தால் கோளாறு, அடங்கினால் குணம் என்ற நம்பிக்கையை எப்படித்தான் ஒழிப்பதென்று தெரியவில்லை. காற்றில் குளிரும் பழைய எஞ்சின் மெல்லிய டிக்டிக் ஓசையோடு ஓடுவது இயல்பு. நாளடைவில் வால்வும் அது அமரும் வளையமும் தேய்வதால் வால்வு சற்றே உள்வாங்கி, அதன் தண்டு ராக்கரை நெருங்குகிறது. இடைவெளி குறையக் குறைய ஓசையும் தானாகவே குறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை அந்த வளையத்தில் அழுந்தி அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்க முடியும். இடைவெளி இல்லாமற்போனால், சூட்டில் நீளும் தண்டு ராக்கரில் முட்டி, வால்வை முழுவதும் மூடவிடாது. அந்த இடுக்கில் கசியும் கொதிவாயு வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். பல்லாண்டுத் தேய்மானம் செய்யும் சேதத்தை, சத்தம் போகும்வரை இறுக்குபவர் பத்து நிமிடத்தில் தொடங்கிவைக்கிறார். இடைவெளி கூடுவதும் நல்லதன்று என்றாலும், அது தட்டித் தட்டி நம்மைக் கூப்பிடும். இறுக்கமோ வாய் திறக்காது.

(யமஹா ஆர்எக்ஸ்இஸட் வைத்திருக்கும் ஒருவர் டேப்பட் பார்க்கச் சொல்லி வந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அப்படியொன்று கிடையாது என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.)

இடைவெளியை அளக்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹோண்டா கையேடுகள் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே என்கின்றன. நம் சிங்கப்பூரில் நண்பகல் வெயிலில் சும்மா நிற்கும் வண்டியே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஆகவே இரவு முழுதும் நிறுத்திவைத்துக் காலையில் பாருங்கள். தீவு விரைவுச்சாலையில் பறந்து வந்து, "காத்திருக்கிறேன், உடனே பார்த்துக் கொடுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறி, எஞ்சின் இரண்டு சுற்றில் முடிக்கும் ஒரு வேலைச்சுழற்சியில் இருமுறை வரும். இரண்டு ராக்கர்களும் விரலுக்குச் சற்றே ஆடினால்தான் அது இரு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் நிலை; அப்போதுதான் அளக்க வேண்டும். ஆடாவிட்டால் எஞ்சினை இன்னும் ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். ஹோண்டா சி70க்கு இரு வால்வுகளுக்கும் 0.05 மில்லிமீட்டர், அந்த எண்ணை வேறு வண்டிக்குக் கொண்டுபோகாமல் உங்கள் கையேட்டைப் பாருங்கள். இடைவெளியில் நுழைக்கும் ஃபீலர் கேஜ் தகடு (தடிமன் குறித்த மெல்லிய உலோகத் தகடு) லேசாகப் பிடித்து வழுக்க வேண்டும். திருகை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் உடன் சுற்றிவிடும் என்பதால், இறுக்கியபின் மறுபடியும் அளக்காத வேலை அரைவேலை. திருகின் முனை குழிந்திருந்தால் தகடு குழியின் மேல் பாலம்போல் நின்று பொய்யளவு காட்டும். அனுபவசாலிகளே ஏமாறும் இடம் இது. ஹோண்டா சூப்பர் ஃபோர் போன்ற வண்டிகளில் திருகு இல்லை, எஞ்சினுக்குள் இருக்கும் அளவுத் தகடுகளை (ஷிம்) மாற்றியே சரிசெய்ய முடியும். அதை வாகன நிறுத்துமிடத்தில் தொடவே வேண்டாம்.

ஆண்டுப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்பவர்களுக்கு: அங்கே புகையை அளப்பார்கள், வால்வு இடைவெளியை யாரும் அளப்பதில்லை. நாள் முழுதும் ஓடும் விநியோக வண்டிகளுக்குக் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு மாதங்களிலேயே வந்துவிடும். வழக்கமான டிக்டிக் ஓசை மங்கி, ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஐட்லிங் தள்ளாடினால், அன்றிரவே வண்டியைப் பட்டறையில் விட்டுச் செல்லுங்கள், தம்பிகளே. காலையில் ஆறிய எஞ்சினில் அளந்து வைக்கிறேன்.