ஓட்டில் ஜெயித்தவர் எந்தச் சட்டத்தைத் தொடுகிறார்?

பாப்புலிசம் (மக்களின் உண்மையான குரல் தான் மட்டுமே என்று ஒரு தலைவர் சொல்லிக்கொள்ளும் அரசியல்) பற்றி வகுப்பெடுத்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே சார் அவர் வந்தார், அப்புறம் என்ன ஆபத்து?"

நியாயமான கேள்விதான். அர்ஜென்டினாவின் அரசியல் அறிஞர் கில்லெர்மோ ஓ'டோனெலின் ஆய்வும் கடைசியில் இங்குதான் வந்து நின்றது. எழுபதுகளில் அவர் ஆராய்ந்தது ராணுவ ஆட்சிகளை. எண்பதுகளில் தென் அமெரிக்காவில் ராணுவம் ஒவ்வொரு நாடாகப் பின்வாங்கியது, தேர்தல்கள் நடந்தன. ஆனால் ஜெயித்த அதிபர்கள் சிலர், அடுத்த தேர்தல்வரை நாட்டையே தங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக நடந்துகொண்டார்கள். நாடாளுமன்றமும் நீதிமன்றமும் அவர்களுக்கு வெறும் தொந்தரவு. 1994-இல் அவர் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்களிடம் கணக்குக் காட்டினால் போதாது, இடையில் தட்டிக் கேட்கும் அமைப்புகளுக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம்.

சரி, அந்த அமைப்புகள் எப்படிக் கையை விட்டுப் போகின்றன? மேடைப் பேச்சைக் கேட்டால் பிடிபடாது. ஹங்கேரியில் 2010-இல் விக்டர் ஓர்பான் தலைமையிலான ஃபிடெஸ் கட்சியின் அணி சுமார் 53 சதவீத ஓட்டுடன் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. அரசியல் சாசனத்தையே மாற்ற அது போதும், மாற்றினார்கள். 2012 ஜனவரியில் புதிய சாசனத்தோடு அமலுக்கு வந்த ஒரு விதி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62 ஆகக் குறைத்தது. கேட்பவருக்கு ஏதோ பென்ஷன் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் 62-ஐத் தாண்டிய நீதிபதிகள் யார்? மூத்தவர்கள், பலர் நீதிமன்றத் தலைமையில் இருந்தவர்கள். ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நவம்பரிலேயே இது வயதுப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பியவர்களிலும் பலருக்குப் பழைய பொறுப்பு கிடைக்கவில்லை.

தேர்தல் விதிகளும் மாறின, தொகுதி எல்லைகளும் மாறின. 2014-இல் ஃபிடெஸின் ஓட்டு 45 சதவீதத்துக்கு இறங்கியது. இடங்களோ 199-இல் 133, அதே மூன்றில் இரண்டு பங்கு. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் மாணவர்களிடம் பேச்சை விட்டுவிட்டு மசோதாவைப் படிக்கச் சொல்வேன்: நீதிபதியையோ தேர்தல் ஆணையரையோ யார் நியமிக்கிறார், எத்தனை வருடத்துக்கு, யார் நீக்கலாம். கொண்டுவந்த கட்சியின் பெயரை மறைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். நம்ம கட்சி என்று தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் கண் மங்கிவிடுகிறது, எனக்கும் சேர்த்துத்தான்.