லிபரல் ஆர்ட்ஸ்: தாராளமா, விடுதலையா?

மதுரை கோரிப்பாளையத்தில் நின்று "பையன் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்துட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், இன்ஜினியரிங் கெடைக்கலையா?" என்பார்கள். அந்த 'ஆர்ட்ஸ்' பாதிப் பெயர். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்பதில் முன்பாதியைத் தொலைத்துவிட்டு, மிச்சத்தைக் 'கலை' என்று பெயர்த்துக்கொண்டோம். பிறகு இயற்பியலும் கணக்கும் வெளியே நின்றதால் 'கலை அறிவியல்' என்று ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

தொலைத்ததைத் தேடியெடுத்தவர்கள் 'தாராளக் கலைகள்' என்று எழுதுகிறார்கள். 'லிபரலைசேஷன்' என்பதைத் தாராளமயமாக்கல் என்று எழுதிப் பழகிய கை. இங்கே அது பொருந்தாது. மூலம் லத்தீனின் 'ஆர்தெஸ் லீபராலெஸ்'. 'லீபெர்' என்றால் அடிமையல்லாதவன். பிழைப்புக்கான கைவேலை அடிமைக்கு. இந்தப் படிப்பு சுதந்திரக் குடிமகனுக்கு. இடைக்கால ஐரோப்பா இதை ஏழாக வகுத்தது: இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். கணக்கு ஆதியிலிருந்தே உள்ளேதான் இருந்திருக்கிறது!

6ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் காசியோதோருஸ் இந்த 'லீபராலெஸ்' என்ற சொல்லைப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டார். லத்தீனில் 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரன். குறில் நெடில் பார்க்கிற நமக்கு அந்த முடிச்சு உடனே அவிழ்ந்துவிடும்.

கிறிஸ்தவம் சொல்லை வைத்துக்கொண்டு பொருளைத் திருப்பியது. ரோமானியனுக்கு விடுதலை என்பது ஊழியம் செய்யத் தேவையில்லாத நிலை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுலோ, சுயாதீனத்துக்கு (விடுதலைக்கு) அழைக்கப்பட்ட நீங்கள் "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்கிறார் (கலாத்தியர் 5:13). படித்தவன் யாருக்கும் கீழ்ப்பட்டவனல்ல, ஆனால் எல்லோருக்கும் கடன்பட்டவன். அமெரிக்க மிஷன் 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிப் படிப்புக்கும், 1948இல் கேட்டி வில்காக்ஸ் பெண்களுக்காகத் தொடங்கிய லேடி டோக் கல்லூரிக்கும் பின்னால் இருப்பது இந்த இரண்டாம் பொருள். முதல் பொருளில் பெண்ணுக்கு ஏது இடம்?

சரி, தமிழில் என்ன சொல்வது? வேதாகமச் சொல்லை எடுத்து 'சுயாதீனக் கல்வி' என்றால், சுயநிதிக் கல்லூரி என்று நினைத்து ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் 'விடுதலைக் கல்வி' என்பேன். "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்ற யோவான் 8:32 தமிழ்க் காதுக்குப் பழகியதுதான்.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "விடுதலையா? நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்?" என்றார். யோவானில் அடுத்த வசனத்தைப் பார்த்தால், இயேசுவிடம் அந்த யூதர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.