முதியவர்களின் முதுகுவலிக்கு விஆர் பயிற்சி: நாற்காலியில் தொடங்குங்கள்

நாள்பட்ட முதுகுவலி உள்ள முதியவர்கள் பலருக்கு வலியைவிடப் பெரிய தடை பயம். குனிந்தால் பிடித்துக்கொள்ளும், திரும்பினால் டிஸ்க் விலகிவிடும் என்று உடம்பை விறைப்பாகவே வைத்திருப்பார்கள். அசையாத தசை பலமிழக்கும், வலியும் கூடும். கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் கணினி உருவாக்கிய உலகத்துக்குள் இருப்பதுபோல் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் உதவுவது இங்கேதான். மிதந்து வரும் பலூனைத் தொடக் கை நீட்டும்போது கவனமெல்லாம் பலூனில் இருக்கும். இடுப்பு தானாகத் திரும்பிவிடும். ஆனால் வலியை மறக்கவைப்பதே ஆபத்தும்கூட. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 நவம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு 'ஈஸ்விஆர்எக்ஸ்' என்ற விஆர் சாதனத்தை அனுமதித்தது. அது உடற்பயிற்சித் திட்டம் அல்ல. மூச்சு, தளர்வு, வலி குறித்த எண்ணங்களைக் கையாளுதல் ஆகியவற்றை 8 வாரம் கற்றுத்தரும் உளவியல் சார்ந்த திட்டம். 179 பேர் பங்கேற்ற ஆய்வில், வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்றவர்கள் 66 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஹெட்செட் தொந்தரவாக இருந்தது, பத்தில் ஒருவருக்குக் குமட்டல் வந்தது. கடையில் வாங்கும் விளையாட்டுகளுக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதல் சில வாரங்கள் உட்கார்ந்தே செய்யட்டும். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பக்கவாட்டில் எட்டும்போது சாய்ந்துவிடும். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பாதம் முழுவதும் தரையில் பதியும்படி உட்கார வையுங்கள். மிதியடி, ஒயர், டீப்பாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, கையெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. வீட்டில் இளையவர் யாராவது நின்றபடி விளையாடியபோது பதிவான உயர அளவு ஹெட்செட்டில் அப்படியே இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்குப் பலூன்கள் தலைக்கு மேல் தெரியும். அண்ணாந்து, முதுகைப் பின்னால் வளைத்து எட்டுவார். தண்டுவடக் கால்வாய் குறுகியவர்களுக்கு இந்த வளைவுதான் கால் மரத்துப்போக வைக்கும். அவர் உட்கார்ந்த பிறகு உயரத்தைப் புதிதாக அளவெடுங்கள். இலக்குகள் நெஞ்சு உயரத்தில், கைநீளத்தில் முக்கால் தூரத்தில் வரட்டும். எலும்பு மெலிந்தவர்களுக்கு நேர்மாறு: தரையை நோக்கிக் குனிய வைக்கும் விளையாட்டுகளை அடியோடு தவிர்க்க வேண்டும்.

ஹெட்செட்டின் எடை சுமார் அரைக் கிலோ, பெரும்பகுதி முகத்தின் முன்னால். பின்பட்டையைப் பிடரி எலும்புக்குக் கீழே பொருத்தி, மேல்பட்டையை இழுத்த பிறகே பக்கப்பட்டைகளை இறுக்குங்கள். எல்லாப் பாரத்தையும் கன்னம் தாங்கினால் கழுத்துவலி புதிதாகச் சேரும். பைஃபோகல் கண்ணாடியில் கீழ்ப்பகுதி மங்கலாகத் தெரியும். தூரப்பார்வைக் கண்ணாடி இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள்.

முதல் நாள் 5 நிமிடம் போதும். வாரம் மூன்று நாள், மெல்ல 10, 15 நிமிடம் வரை. வலியை 10க்கு எத்தனை என்று முன்னும் பின்னும் கேளுங்கள். இரண்டு எண்ணுக்கு மேல் கூடினாலோ, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்காவிட்டாலோ அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். காட்சி தானாக நகரும் ரோலர் கோஸ்டர், படகு வகையறாக்கள் கூடவே கூடாது. கண் 'நகர்கிறோம்' என்கிறது, காதிலுள்ள சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது. தலைசுற்றல் அங்கேதான் வருகிறது. கழற்றியதும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும். எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்குபவர்கள் விழுவது அந்த நேரத்தில்தான்.

வலிப்பு, அடிக்கடி வரும் தலைசுற்றல், பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட்டைத் தொட வேண்டாம். காலில் புதிதாகப் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலுடன் முதுகுவலி, விழுந்த பிறகு வந்த வலி ஆகியவற்றுக்கும் முதலில் தேவை பரிசோதனை, பயிற்சி அல்ல.