சிசேரியன் தையலில் சீழ் வைத்தால்: எல்லையோரப் பெண்கள் பணம் கட்டும் முன்

தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கம், புகுந்த வீடு எல்லைக்கு அப்பால் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை. தாய்வீட்டருகே அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆன அந்தப் பெண்ணுக்குப் பதினோராம் நாள் தையலில் நீர் கசிந்து காய்ச்சலும் கண்டது. புகுந்த ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில், “பிரசவம் எங்க ஆச்சோ அங்கயே போங்க” என்று திருப்பி அனுப்பினார்கள்; அங்கே போனால், கேரளா ரேஷன் கார்டு என்று சொல்லி ஸ்கேனுக்குப் பணம் கேட்டார்கள். மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எண்ணியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு இடத்திலும் சொன்னது தவறு.

2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் மத்தியத் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்ணுக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் அனைத்தும் இலவசம். பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டன. வருமானச் சான்றோ, ரேஷன் அட்டையின் நிறமோ இதற்குத் தேவையில்லை.

சிக்கல் ஓ.பி. சீட்டிலேயே தொடங்குகிறது. சீட்டில் வெறுமனே ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டால், பிரசவமான பெண் என்பது மறைந்து, மற்ற நோயாளிகளைப் போலக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே பிரசவத் தேதியையும் ‘சிசேரியனுக்குப் பிந்தைய தொற்று’ என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிரசவமாகி 42 நாள் வரை டிஸ்சார்ஜ் சீட்டு கைப்பையிலேயே இருக்கட்டும். அதன் படம் போனிலும் இருக்கட்டும்.

சீழ் என்றதும் வயிற்றை மறுபடி திறப்பார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. மேலாக இருந்தால் ஓரிரு தையலைப் பிரித்துச் சுத்தம் செய்து கட்டுவார்கள். உள்ளே தேங்கியிருந்தால், பல சமயங்களில் ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் துளைத்து மெல்லிய குழாய் வைத்தே வடித்துவிடலாம். இந்த வசதி சிறிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் இராது. “பிரைவேட்ல பாத்துக்கங்க” என்ற வாய்வார்த்தையோடு வெளியேறிவிடாமல், பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுத்தில் பரிந்துரையும் ஆம்புலன்ஸும் கேளுங்கள். அந்தப் பயணமும் திட்டத்தில் அடங்கும்.

தனியாரிடம் போனால் அரசின் காப்பீட்டு அட்டைதான் துணை, அதிலும் ஒரு பொறி உண்டு. கல்யாணமானதும் அப்பா வீட்டு ரேஷன் கார்டில் பெயர் நீக்கப்பட்டு, கணவர் வீட்டுக் கார்டில் இன்னும் ஏறாத பெண்கள் இங்கே ஏராளம். காப்பீட்டுக்கு அவர்கள் எந்தக் குடும்பத்திலும் இல்லாதவர்களாகக் கணக்காகிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் ஒப்புதல் கேளுங்கள். கட்டிய பணம் திரும்புவது அரிது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் எந்த அட்டைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை, பணம் கேட்ட மேசைக்கு முன்னால் நின்றபடியே அழையுங்கள்.