'அறிவாற்றல் முரண்பாடு' வேண்டாம், 'எண்ணப் பிணக்கு' என்போம்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் 'அறிவாற்றல் முரண்பாடு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. பக்கத்து இருக்கை டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பத்தியா சார்?" அவர்மேல் தப்பில்லை. அந்தச் சொல் அப்படித்தான் படுகிறது.

மூலச்சொல் 'காக்னிடிவ் டிஸ்ஸொனன்ஸ்'. ஒன்றை நம்பிக்கொண்டு அதற்கு மாறாகப் பேசினாலோ நடந்தாலோ மனதுக்குள் வரும் உறுத்தல் அது. உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1957இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். முதல் சொல்லுக்கு வேர் 'அறிதல்'. இரண்டாவது லத்தீனில் 'ஒலித்தல்' என்பதிலிருந்து வந்தது. சேராமல் ஒலிப்பது என்று பொருள்.

அறிவாற்றல் கூடும், குறையும், தேர்வு வைத்து அளக்கலாம். பெஸ்டிங்கர் சொன்னது அதுவா? நம் நம்பிக்கை, கருத்து, நாம் என்ன செய்தோம் என்று நமக்கே தெரிந்திருப்பது, இவ்வளவையும் சேர்த்துச் சொன்னார். 'எண்ணம்' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். மொழிபெயர்ப்பவர் மூலக் கருத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டாமா?

'முரண்பாடு' இன்னும் மோசம். கணக்கில் முரண்பாடு, வாக்குமூலத்தில் முரண்பாடு என்கிறோம். அது பத்து வருடம் காகிதத்திலேயே கிடந்தாலும் யாருக்கும் தூக்கம் கெடாது. இந்த உறுத்தலோ மனிதனைச் சும்மா உட்கார விடாது. 1959இல் பெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் செய்த சோதனையைப் பாருங்கள். மாணவர்களை ஒரு மணி நேரம் சலிப்பான வேலை செய்யவைத்தார்கள். பலகையில் இருக்கும் 48 முளைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புவதும் அதில் ஒன்று. பிறகு, 'சுவாரசியமான வேலை' என்று அடுத்து வருபவரிடம் பொய் சொல்லச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்தார்கள். 20 வாங்கியவர்களுக்குப் பணமே சாக்கு. 1 டாலர் பொய்க்குச் சாக்காகப் போதவில்லை. அதை வாங்கியவர்கள்தான், வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

பிணக்கு என்பது புருஷன் பெண்டாட்டிக்குள், அண்ணன் தம்பிக்குள் வருவது. ஒரே வீட்டில் இருந்தாக வேண்டியவர்கள். யாராவது ஒருவர் இறங்கி வந்தால்தான் தீரும். இங்கே செய்கை நடந்து முடிந்துவிட்டது, அது இறங்கி வராது. எண்ணம்தான் இறங்கி வரும்.

என் அண்ணி தனிக்குடித்தனத்தில் உறுதியாக இருந்தவர். எங்கள் தெருப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் கூட்டுக் குடும்பம் பக்கம் ஆள் குறைகிறது என்று கேட்டதும், "சரி, பேசறேன்" என்றார். பரிசு ஓர் எவர்சில்வர் கிண்ணம். ராத்திரி உட்கார்ந்து நோட்டில் நாலு பக்கம் எழுதிப் பேசினார். மாசி பிறப்பதற்குள், "பிள்ளைங்களுக்குத் தாத்தா பாட்டி கூட இருக்கறதுதான் நல்லது" என்று அண்ணனிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பரிசும் பெரிதில்லை. பேசியதற்குச் சாக்குச் சொல்ல அவருக்கு எதுவுமே இல்லை.

தமிழிசையில் இணை, கிளை, பகை, நட்பு என்று சுர உறவுகள் உண்டே, 'எண்ணப் பகை' எனலாமே என்றார் புதுச்சேரி நண்பர் ஒருவர். ஒலிப் பொருளுக்கு அது நெருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகையாளிகள் ஆளுக்கொரு தெருவில் ஆயுசுக்கும் பேசாமல் இருந்துவிடலாம். ஒரே மனதுக்குள் இருக்கும் இரண்டு எண்ணங்களுக்கு அது முடியாது.